கணவன் மனைவி இருவரும் பல் டாக்டர்: சேர்ந்து கிளினிக் நடத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் 2011-லிருந்து கோவில்பட்டியில் பல் கிளினிக் நடத்துகிறோம். அவர் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு படித்தது வேர் சிகிச்சையில், நான் செயற்கைப் பல்லில். ஊர் பாஷையில் சொன்னால் அவர் ரூட் கேனால், நான் கேப்பும் பல் செட்டும். கல்லூரி ஜூனியர்களில் யாராவது ஒரு ஜோடி கல்யாணப் பத்திரிகை கொடுக்க வரும்போதெல்லாம் இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் போனில் ஒரு மணி நேரம் பேசுவதற்கு, ஒரேயடியாக எழுதி வைத்துவிட்டேன்.

படிப்பு முடிந்ததும் இரண்டு பேரும் நேராகக் கிளினிக் போட்டுவிடலாமா?

போடலாம். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சம்பளத்தை விட்டுவிடாதீர்கள். பி.டி.எஸ். நான்கு வருடம், பயிற்சி ஒரு வருடம், எம்.டி.எஸ். மூன்று வருடம் என்று முடித்து வெளியே வரும்போது வயது இருபத்தாறு, இருபத்தேழு ஆகிவிடும். கல்யாணம், கடன், குழந்தை மூன்றும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கும் வயது அது.

எங்களுக்கு முதல் இரண்டு வருடம் அவர் காலையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு மாலை ஆறு மணிக்கு மேல்தான் கிளினிக் வருவார். பகல் முழுக்க நான் மட்டும். முதல் மாதம் பகலில் படியேறி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் ஒருவர் மின்சார ரீடிங் எடுக்க வந்தவர். கல்லூரிச் சம்பளம் இல்லையென்றால் வாடகைக்கே தாளம் போட்டிருப்போம்.

நோயாளி படுக்கும் சேர் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

ஒன்றில் தொடங்குங்கள். ஆனால் தண்ணீர்க் குழாய், காற்றுக் குழாய், கழிவுநீர்க் குழாய், ஒயரிங் எல்லாம் இரண்டு சேருக்குச் சேர்த்தே தரைக்கு அடியில் போட்டுவிடுங்கள். நாங்கள் போடவில்லை. நான்காவது வருடம் டைல்ஸை உடைத்து எட்டு நாள் கிளினிக்கை மூடினோம். கம்ப்ரஸரைக் கட்டடத்துக்கு வெளியே கூண்டு கட்டி வையுங்கள். உள்ளே இருந்தால் அந்தச் சத்தத்திலேயே பாதி சண்டை வரும்.

கிளினிக்கை யார் பெயரில் தொடங்குவது?

இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பெண்கள் ஏமாறுகிற இடம் இதுதான். யாரும் ஏமாற்றாமலேயே ஏமாந்துபோகிற இடம்.

எங்கள் முதல் சேர், எக்ஸ்ரே மெஷின், கருவிகளில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் மூன்றும் என் நகையை அடகு வைத்து வாங்கியவை. அவர் அப்பா கொஞ்சம் கொடுத்தார், பாக்கி வங்கிக் கடன். கடன் அவர் பெயரில், கடைக்கான வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில், வங்கிக் கணக்கும் அவர் பெயரில். அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை, எனக்கும்தான். மூன்று வருடம் கழித்துப் புது ஆடிட்டர் ஒருவர் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், இதில் நீங்கள் யார்?” என்று கேட்டார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார். தினமும் எட்டு மணி நேரம் அங்கே நிற்கிற நான் அந்தக் கணக்குப் புத்தகத்தில் மூலதனம் போட்டவளாகவும் இல்லை, சம்பளம் வாங்குபவளாகவும் இல்லை. என் பெயரில் வருமானக் கணக்கே தாக்கல் ஆகாததால், வீட்டுக் கடனுக்குப் போனபோது என் வருமானம் சைபர் என்று எழுதினார்கள்.

பொதுவாக மூன்று வழி உண்டு.

ஒருவர் பெயரில் கிளினிக்கை நடத்தி மற்றவருக்குச் சம்பளமோ தொழில் கட்டணமோ கொடுப்பது ஒன்று. கணவன் தன் தொழிலிலிருந்து மனைவிக்குச் சம்பளம் கொடுத்தால், அதைக் கணவன் வருமானத்தோடு சேர்த்து வரி போடும் விதி வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. மனைவிக்குத் தொழில் தகுதி இருந்து, அந்த அறிவாலும் அனுபவத்தாலும் மட்டுமே அந்தச் சம்பளம் வந்திருந்தால் இந்த விதி பொருந்தாது. நாம் இருவரும் பல் டாக்டர் என்பது இங்கே கைகொடுக்கிறது. ஆனால் யார் எந்தச் சிகிச்சை செய்தார் என்ற பதிவு இருக்க வேண்டும், பணம் வங்கி வழியாகப் போக வேண்டும்.

இரண்டாவது, ஒரே கூரையின் கீழ் இரண்டு தனித்தனி டாக்டராக இருப்பது. அவரவர் நோயாளிக்கு அவரவர் ரசீது, அவரவர் வங்கிக் கணக்கு. வாடகை, கரண்ட், சிஸ்டர் சம்பளத்தைப் பங்கு போட்டுக்கொள்வது. நாங்கள் இப்போது இருப்பது இதில்தான். டாக்டர் போன்ற தொழில் செய்பவர்கள் வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதபோது 75 லட்சம் வரைக்கும், வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் வசதி இருக்கிறது. இரண்டு பேருக்கும் தனித்தனி வரம்பு, தனித்தனி வரி ஸ்லாப். இப்போது பெட்டிக்கடையிலேயே ஸ்கேன் பண்ணிப் பணம் போடுகிறார்கள் என்பதால், ரொக்கம் 5 சதவீதத்துக்குள் நிற்பது முன்பு போலக் கஷ்டமில்லை.

மூன்றாவது, 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு நிறுவனம். கேட்க அழகாக இருக்கும். ஆனால் கூட்டு நிறுவனத்தின் லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி. மேலே சொன்ன பாதி லாப முறையில் போனால் பங்குதாரர் சம்பளத்தைத் தனியாகக் கழிக்கவும் முடியாது. சின்ன கிளினிக்குக்கு இது சுமை. நாலு டாக்டர், மூன்று கிளை என்று வளர்ந்தபின் யோசிக்கலாம்.

2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று: நகையை அடகு வைத்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நான் வைக்கவில்லை.

பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில்?

யார் பெயர் வேண்டுமானாலும் வரட்டும். எழுத்தின் அளவு ஒன்றாக இருக்கட்டும், இருவரின் பட்டமும் பதிவு எண்ணும் இருக்கட்டும். எங்கள் முதல் பலகையில் என் பெயர் அவர் பெயருக்குக் கீழே, ஏறக்குறைய அச்சகத்தின் பெயர் அளவுக்கு இருந்தது. பலகை எழுதியவர், “இடம் பத்தலம்மா” என்றார். இடம் பத்தாததற்குக் காரணம் நடுவில் அவர் வரைந்திருந்த சிரிக்கும் பல்.

‘பெரிய டாக்டர் இல்லையா?’ என்று நோயாளிகள் கேட்டால் என்ன சொல்வது?

கேட்பார்கள். சார் பெரிய டாக்டர், மேடம் அவருக்கு உதவி. இது மாற நாளாகும். “சார் வந்தப்புறம் புடுங்கிக்கிறேன் தாயி, நீ பாவம், பலம் பத்தாது” என்று ஒரு பாட்டி என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். பல் பிடுங்குவதில் பலத்துக்கு வேலையே இல்லை. பல்லைச் சுற்றியுள்ள எலும்பை எலிவேட்டர் என்ற கருவியால் மெல்ல மெல்ல விரித்துக் கொடுத்தால் பல் தானாக வழிவிடும். இழுத்தால் வேர்தான் உடையும். இதையெல்லாம் பாட்டியிடம் சொல்லவில்லை. “சார் வர ஏழு மணி ஆகும், சும்மா மரத்துப்போக ஊசி மட்டும் போட்டு வைக்கிறேன்” என்றேன். ஊசி போட்டு, ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்து, பல்லை எடுத்துக் கிண்ணத்தில் போட்டதும் “சார் எப்ப வருவாரு?” என்று மறுபடி கேட்டார். கிண்ணத்தைக் காட்டினேன். அடுத்த வாரம் தெருவில் இருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார், “இந்தப் பிள்ளைக்குக் கைராசி” என்று. எந்தப் பட்டத்தைவிடவும் கைராசிதான் இங்கே பெரிய பட்டம். (மரத்துப்போக மட்டும் என்று சொல்லிவிட்டுப் பல்லை எடுத்தது சரியில்லை என்பது எனக்கு இப்போது தெரியும். இன்றைக்கு அப்படிச் செய்ய மாட்டேன். கேட்டுவிட்டு, சம்மதம் எழுதி வாங்கிவிட்டுத்தான் கை வைப்பேன்.)

இதில் கணவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நான் பார்த்த நோயாளியை “எங்கே, நான் ஒரு தடவை பார்க்கிறேன்” என்று அவர் பல்லைத் தட்டிப் பார்க்கக் கூடாது. தட்டினால் அன்றோடு நான் சின்ன டாக்டர்.

ஒரே பல்லுக்கு இருவரும் வேறு வேறு முடிவு சொன்னால்?

வேர் சிகிச்சைக்காரருக்கு எந்தப் பல்லைப் பார்த்தாலும் காப்பாற்றத் தோன்றும். கேப் போடுகிறவளுக்கு, இதன்மேல் கேப் நிற்குமா என்ற கவலை. எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டைகளில் பாதி இதிலிருந்து வந்தவைதான்.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் ஒரு அம்மா. கீழ் இடது கடவாய்ப் பல், எங்கள் பல் எண் கணக்கில் 36. சொத்தை கன்னத்துப் பக்கம் ஈறுக்குக் கீழே வரை போயிருந்தது. வேர்கள் இரண்டும் எக்ஸ்ரேயில் நன்றாகத்தான் இருந்தன. என் கணவர் மூன்று தடவை வரவழைத்து, அழகாக வேர் சிகிச்சை முடித்தார். எக்ஸ்ரேயை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், அப்படி வந்திருந்தது. கேப்புக்கு என்னிடம் அனுப்பினார். பார்த்தால் ஈறுக்கு மேலே பல் என்று சொல்ல ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கேப் பிடித்து நிற்கச் சுற்றிவர ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டராவது நல்ல பல் வேண்டும். பீப்பாய்க்கு வளையம் போடுவது மாதிரி, வளையம் பிடிக்கக் கட்டை வேண்டாமா? “இது நிற்காது” என்றேன். “போஸ்ட் வைத்து ஏற்றிக்கொடு, நிற்கும்” என்றார். (போஸ்ட் என்பது வேருக்குள் செருகும் கம்பி.) அந்த அம்மா வாயைத் திறந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்றிக்கொடுத்தேன். நாலாவது மாதம் கேப்பைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தார். கடலை மிட்டாய். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. நான் மட்டும் அந்தக் கேப்பை நினைத்துக்கொண்டேன். திரும்ப ஒட்டினோம். அடுத்த தடவை வந்தபோது வேர் நெடுக வெடித்திருந்தது, எடுக்கத்தான் வேண்டியிருந்தது. அந்த அம்மாவுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். போன வேலை நாட்களின் கூலியை யார் கொடுப்பது?

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு விதி. வேர் சிகிச்சை தொடங்கும் முன்னால், சொத்தையைச் சுத்தம் செய்தவுடன், மேலே கட்டப்போகிற நான் வந்து பார்க்க வேண்டும். நான் முடியாது என்றால் அவர் தொடங்க மாட்டார். அதேபோல் வலியைப் பொறுத்தவரை அவர் சொல்வதுதான் முடிவு. எல்லாவற்றிலும் பேசி ஒத்துப்போவோம் என்றால் நோயாளி பசியில் மயங்கி விழுவார். எந்தக் கேள்விக்கு யார் சொல் கடைசி என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நோயாளி முன்னால் ஆங்கிலத்திலும் எண்ணிலும் விவாதிக்காதீர்கள். ஒருநாள் நாங்கள் “46, 47” என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு ஒருவர் சேரிலிருந்து எழுந்தேவிட்டார். ஆயிரக்கணக்கில் பேரம் நடக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

என்னென்ன உரிமம் வாங்க வேண்டும்?

இருவருக்கும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு. கிளினிக்குக்கு 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவமனைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி சுகாதாரத் துறை இணை இயக்குநர் (ஜே.டி.) அலுவலகத்தில் பதிவு. எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா தளத்தில் பதிவு. கையடக்க மெஷினாக இருந்தாலும் வேண்டும். மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும், கழிவை எடுத்துச் செல்லும் நிறுவனத்தோடு ஒப்பந்தமும். 2016 விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், கையுறை சிவப்பில், ஊசி வெள்ளைப் பெட்டியில், 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இந்தக் காகித வேலையை ஒரே ஆள் பார்ப்பது நல்லது. எங்களில் அது அவர். தேதிகளை நினைவு வைப்பதில் கெட்டிக்காரர், கல்யாண நாளைத் தவிர.

இருவரும் தனித்தனியாகத் தொழில் காப்பீடு எடுங்கள். டாக்டர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஒருவர் பாலிசி இன்னொருவர் கையைக் காப்பாற்றாது.

மாடியில் வீடு, கீழே கிளினிக். நல்லதா?

வாடகை மிச்சம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு வீங்கிய கன்னத்தோடு ஒருவர் கேட்டைத் தட்டுவார். மத்தியானம் மேலே மீன் குழம்பு கொதித்தால் கீழே சேரில் படுத்திருப்பவர், “மேடம், இன்னைக்கு விளமீனா?” என்பார். ஆறு வருடம் அப்படி இருந்துவிட்டு வீட்டைத் தனியாக மாற்றிக்கொண்டோம். கிளினிக்கிலிருந்து பத்து நிமிட ஸ்கூட்டர் தூரம். அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு ஒரு நாளில் கிடைக்கிற தனிமை.

கர்ப்ப காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள்?

சொந்தக் கிளினிக்கில் பிரசவ விடுப்பு கிடையாது, விடுப்புச் சம்பளமும் கிடையாது. முதல் குழந்தைக்கு எட்டாம் மாதம் வரை நின்றேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, முட்டாள்தனம். கர்ப்பம் தெரிந்ததும் எக்ஸ்ரே எடுக்கும் வேலையை முழுக்க அவரிடம் விட்டேன். கருவுக்குப் போகும் கதிர்வீச்சு மீதிக் காலம் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஒழுங்காகத் தள்ளி நின்றால் பல் எக்ஸ்ரேயில் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது, இருந்தாலும் அறைக்கு வெளியே நிற்பதில் என்ன நஷ்டம்?

இரண்டாவது குழந்தைக்கு ஒரு ஜூனியர் டாக்டரை ஐந்து மாதம் வைத்துக்கொண்டோம். அவர் சம்பளத்தை முன்கூட்டியே இரண்டு வருடம் சேர்த்து வைத்தோம். சேர்ந்து நடத்துபவர்கள் கல்யாணமான மாதமே இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

காலையில் வீட்டில் சண்டை. பத்து மணிக்கு இருவரும் ஒரே அறையில். என்ன செய்வது?

சிஸ்டருக்கு நீங்கள் ஸ்கூட்டரில் வந்து இறங்கும்போதே தெரிந்துவிடும். அவரைத் தூது அனுப்பாதீர்கள். “சார்கிட்ட அச்செடுக்கிற ஆல்ஜினேட் முடிஞ்சிருச்சுன்னு சொல்லு” என்று பக்கத்து அறைக்கு ஆள் அனுப்பிய நாட்கள் எங்களுக்கும் உண்டு. எங்களிடம் பன்னிரண்டு வருடமாக இருக்கும் சிஸ்டர் ஒருநாள், “நீங்களே சொல்லுங்க மேடம், நான் பல் பாக்கத்தான் வந்தேன்” என்றார்.

இரண்டு முதலாளி இருக்கும் இடத்தில் உதவியாளர்பாடு திண்டாட்டம். ஒருவர் ட்ரேயை இப்படி அடுக்கு என்பார், இன்னொருவர் அப்படி. லீவு, சம்பளம், வேலைப் பங்கீடு எல்லாம் எங்களில் என் பொறுப்பு. அவரிடம் லீவு கேட்டால், “மேடத்தைக் கேளு” என்பார். அதோடு சரி.

சொந்தக்காரர்களுக்கு இலவசமாகப் பார்க்க வேண்டுமா?

அப்பா அம்மா நான்கு பேருக்கும் இலவசம். மற்றவர்கள் லேப் பில்லைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி. என் சித்தப்பாவுக்கு இலவசமாகப் பல் செட் போட்டால், என் கணவரின் பெரியம்மா மகன் கேப்புக்கு வருவார்.

கணவன் மனைவி சேர்ந்து பல் வைத்தியம் பார்ப்பது இந்தக் காலத்து வழக்கமா?

பழையதுதான். பல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிய முதல் பெண் அமெரிக்காவின் லூசி ஹாப்ஸ், ஆண்டு 1866. அடுத்த வருடம் ஜேம்ஸ் டெய்லரைக் கல்யாணம் செய்துகொண்டார். டெய்லர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். லூசிதான் அவருக்குப் பல் வைத்தியம் கற்றுக்கொடுத்தார். இருவரும் கான்சாஸ் மாகாணத்து லாரன்ஸ் நகரில் சேர்ந்து தொழில் நடத்தினார்கள். அங்கே பெரிய டாக்டர் யார் என்று யாராவது கேட்டிருந்தால், பதில் சொல்ல ஜேம்ஸுக்குக் கஷ்டம் இருந்திருக்காது.

இரண்டாவது கிளை திறந்து ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டால் சண்டை குறையுமே?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பக்கத்து ஊரில் ஒன்று திறந்து அவர் அங்கே, நான் இங்கே என்று பதினான்கு மாதம் ஓட்டினோம். சண்டை குறைந்தது. வேலையும் கெட்டது. அவர் முடித்த வேர் சிகிச்சைகள் கேப் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தன, என்னிடம் வலியோடு வந்தவர்களை அங்கே பஸ் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. பாதிப் பேர் பஸ் ஏறவில்லை. மூடிவிட்டோம். அந்தச் சேரை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து, டைல்ஸை மறுபடி உடைத்து, மூன்றாவதாகப் போட்டிருக்கிறோம். குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கிறது, அது மட்டும் பச்சை நிறம்.